கொளஞ்சியப்பர் சன்னதியில் என் மேல் ஒரு பிராது

முகாமுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, கொளஞ்சியப்பர் அருளால் உங்கள் முட்டியும் முதுகும் நன்றாக இருக்கட்டும்.

உங்களில் பாதிப் பேர் மண்ணில் ஆடிவிட்டு இப்போதுதான் முதல் தடவையாக மேட் மேல் கால் வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் கோச் போனில் சொன்னார். இரண்டும் கபடிதான், கோடும் அதே மாதிரிக் கோடுதான், ஆனாலும் பையன்கள் திணறுகிறார்கள், நீங்கள் மாறி வந்தவர், ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். நான் பத்தாவதோடு நின்றவன். காலைப் பிடிக்கத் தெரியும், பேனா பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் கேட்டவர் பின்னாளில் என் அணியில் ஆடியவர். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஷூ எப்படி வாங்குவது, எங்கே கால் ஊன்றுவது என்பதெல்லாம் அவரே சொல்லித் தருவார். நான் சொல்லப்போவது வேறு. ஆட்டம் மாறும்போது நம்மோடு எது வருகிறது, எது வராமல் பின்னால் நின்றுவிடுகிறது என்பதைப் பற்றி. அது எனக்குப் புரிந்த காலத்தில் என் மேல் சாமியிடம் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது முழுசாகும்.

எங்கள் கிரவுண்டு விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பக்கம், ஒரு சூளைக் கொட்டகைக்குப் பின்னால். உடைந்த ஃபியூஸ் கட்டை, மூக்குப் போன கொலு பொம்மை, கைப்பிடி இல்லாத கோப்பை எல்லாம் அங்கேதான் கொட்டுவார்கள். அதனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு அணியும் ஒரே வரிசையாக முட்டி போட்டு, கிரவுண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கையால் தடவிக்கொண்டே போய்ச் சில்லு பொறுக்க வேண்டும். வெளியூர் அணி வந்தாலும் இதுதான் சட்டம். பொறுக்காதவனுக்கு ஆட்டம் கிடையாது. நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அணி வந்தபோது அவர்கள் கேப்டன், நாங்கள் ஆட வந்தோமா களை எடுக்க வந்தோமா என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டான். அன்றைக்கு அவன் வெளியே உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்தான்.

நான் அங்கே ஒரு கம்பெனியில் பொம்மைகளைப் பளபளப்புக்காக கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கிற வேலை பார்த்தேன். பக்கத்துக் கொட்டகையில் அச்சில் மண் ஊற்றிக்கொண்டிருந்தவன் பழமலை. எங்கள் அணிக்கு அவன்தான் கேப்டன். எதிரணிப் பக்கம் பாடிக்கொண்டு ரெய்டும் போவான், பிடியும் பிடிப்பான். பிடிக்கிற நேரத்தில் நான் இடது ஓரம், அதாவது லெஃப்ட் கார்னர். அவன் எனக்கு அடுத்தவன். என் வலது கை எப்போதும் அவன் இடது கைக்குள் இருக்கும். கபடி ஆடியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கார்னரும் அடுத்தவனும் கை கோத்து நிற்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

அந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு பேர் இருந்தது. காதால் பிடிக்கிறவன் என்பார்கள். பாடி வருகிற ரெய்டரின் மூச்சு எப்போது இளைக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டே நிற்பேன். கபடி, கபடி என்கிற சத்தம் ஒரு இடத்தில் லேசாகத் தேயும். அந்த நொடியில் பாய்ந்தால் கணுக்கால் கைக்கு வரும். எப்படிப் பிடித்தாய் என்று யார் கேட்டாலும் மூச்சைக் கேட்டேன் என்றுதான் சொல்லுவேன். கம்மாபுரம், எங்கள் பக்கத்து மங்களூர் என்று ஆடப் போகிற இடத்திலெல்லாம் சின்னப் பையன்கள் என் காதைப் பார்ப்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு வருடம் மாசி மகத்துக்குச் சில நாள் முன்னால், வெளியூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் கபடி அணிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் அணி மேட் ஆட்டத்துக்கு மாறியிருந்தது. ஒரு சீசன் ஒப்பந்தத்தில் வா, தேறினால் கம்பெனியிலேயே நிரந்தர வேலை, தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றார்கள். திங்கட்கிழமையே வரச் சொன்னார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. நிரந்தர வேலை என்ற சொல்லை என் மனைவி தனம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பழமலையிடம் நானே போய்ச் சொன்னேன். அவன் அச்சைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"மாசி மகத்துக்கு மேட்ச் இருக்குது. தெரியுமில்ல?"

தெரியும், அவர்கள் திங்கட்கிழமையே வரச் சொல்கிறார்கள் என்றேன்.

"அப்ப லெஃப்ட் கார்னர்ல யாரக் கொண்டாந்து நிறுத்தறது? ஒன் பொண்டாட்டியவா?"

வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். நான் கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால், "போ. ஒன்ன எப்படி வர வைக்கணுமோ அப்படி வர வைக்கிறேன்" என்றான். கோபத்தில் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பத்து நாள் கழித்துத் தனம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டாள்.

"என்னங்க, பழமலை அண்ணன் உங்க மேல பிராது கட்டிட்டாருங்க."

"யாருகிட்ட?"

"நம்ம அப்பங்கிட்டதான்."

"என்னான்னு?"

"நீங்க திரும்பி வரணுமாம். லெஃப்ட் கார்னருக்கு."

வெளியூர்த் தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன். எங்கள் ஊரை ஒட்டி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் என்கிற முருகன் இருக்கிறார். எங்களுக்கு அவர் சாமி மட்டும் இல்லை, நீதிபதியும் அவர்தான். பொருள் காணாமல் போனாலும், புருஷன் பேசாமல் இருந்தாலும், ஜனங்கள் குறையைக் காகிதத்தில் எழுதி அவர் பாதத்தில் வைத்துவிட்டு, கோயிலில் இருக்கிற வேலில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். அதற்குப் பேர்தான் பிராது. கட்டிவிட்டால் அவர் விசாரித்துத் தீர்ப்பு சொல்லுவார். காரியம் நடந்த பிறகு கட்டியவனே வந்து வாபஸ் வாங்க வேண்டும். வேறு யாரும் அதைத் தொட முடியாது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு கொளஞ்சி இருப்பான். எனக்கும் அவர் பேர்தான் வைத்திருக்கிறார்கள். அவர் பேரையே வைத்திருக்கிறவன் மேல் அவரிடமே வழக்கு.

தனம் பயந்துபோயிருந்தாள். நாமும் பதிலுக்கு ஒன்று கட்டிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம், அப்பன் இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று சொல்லிப் போனை வைத்தேன். சிரித்துக்கொண்டுதான் வைத்தேன். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேட் மேல் நின்ற முதல் நாள் செருப்புக் கடைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. எங்கும் ரப்பர் வாசனை. உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ள மண் இல்லை. குனிந்து கும்பிட்டுத் தொட்டால் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். என்னால் யாரையும் பிடிக்க முடியவில்லை.

ஒன்று, சீக்கிரம் பாய்ந்தேன். இல்லையென்றால் ரெய்டர் போன பிறகு பாய்ந்தேன். என் பக்கத்தில் கை கோத்து நின்றவன் சுரேந்தர் என்கிற அரியானாக்காரன். நல்ல பையன், மலை மாதிரி உடம்பு. நான் தப்புத் தப்பாகப் பாய்வதைப் பார்த்து அவன் குழம்பி, கடைசியில் நான் எந்தப் பக்கம் போனாலும் அவன் எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வோம்.

ஏன் தப்புகிறது என்று யோசித்தேன். உள்ளரங்கில் ஸ்பீக்கர், விசில், தகரக் கூரையில் எதிரொலிக்கிற கைதட்டல். இந்தச் சத்தத்தில் ரெய்டரின் மூச்சு காதில் விழவில்லை, அதுதான் காரணம் என்று பகலில் நினைப்பேன். படுத்தால் அது காரணமாகத் தெரியாது. பிராதுதான் காரணம் என்று தோன்றும். அவர் விசாரணையைத் தொடங்கிவிட்டார், தீர்ப்பு பழமலை பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, அதனால்தான் ஒவ்வொரு காலும் கையை விட்டு நழுவுகிறது. காலையில் எழுந்து விபூதி பூசும்போதே, அப்பா, இன்றைக்காவது வாய்தா கொடு என்று கேட்பேன்.

கம்பெனி அணியில் எங்கள் கோச் அதிகம் பேசாதவர். பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சீசன் பாதி கடந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீ மோசமான ஆட்டக்காரன் இல்லை என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தாலே அடுத்தது என்ன என்று உங்களுக்கும் தெரியும். பிறகு சொன்னார்.

"கொளஞ்சி, நீ அங்க நின்னுக்கிட்டு யாருக்கோ காத்திருக்க. யாருக்குன்னு எனக்குத் தெரியல. கண்டுபிடிச்சிட்டு வா. அடுத்த டோர்னமென்ட்தான் கடைசி. அதுல தேறலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் விடுப்பில் ஊருக்கு வந்தேன். கிருத்திகையன்று தனத்தோடும் குழந்தையோடும் கோயிலுக்குப் போனேன். வேலில் கொத்துக் கொத்தாகக் காகிதங்கள் கட்டியிருந்தன. என் மேல் இருக்கிறது எது என்று தெரியவில்லை. தனம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவள் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனேன். எப்படியாவது பழமலையிடம் பேசி வாபஸ் வாங்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். பையன்கள் வரிசையாக முட்டி போட்டுச் சில்லு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தன், சார், ஷூ இல்லாம வந்துட்டீங்களே, கால் வலிக்கப் போவுது என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பழமலை சிரிக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பழமல, அந்தப் பிராத எடுத்துடுடா. புள்ளகுட்டிக்காரன் நானு."

"எனக்கும்தான் புள்ள இருக்குது."

"வேலையே போயிடும்டா."

"நான் தப்பாக் கேட்டிருந்தா அப்பனே தள்ளுபடி பண்ணிடுவாரு. சரியாக் கேட்டிருந்தா நீ வரணும். நடுவுல ஒனக்கு என்னா பயம்? வந்துட்ட இல்ல, சும்மா ஒக்காராத. பொறுக்கு."

பொறுக்கினேன். பொறுக்கியவன் ஆட வேண்டும் என்று பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். வெளி ஆட்டம் ஆடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. முட்டியில் ஒரு அடி பட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. ஆனாலும் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பழைய இடத்துக்குப் போனேன்.

பழமலை என் பக்கத்தில் வந்து நின்றான். கையைத் தரவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துண்டுக்குள் செருகிக்கொண்டான். நானும் கேட்கவில்லை.

முதல் ரெய்டு ஒரு சூளைக்காரப் பையன் வந்தான். கிரவுண்டில் வேறு சத்தமே இல்லை. அவன் மூச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது. தேய்கிற இடமும் கேட்டது. பாய்ந்தேன். வாய் நிறைய மண்தான் வந்தது. பையன் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த ரெய்டும் அதே கதி. மேட் ஆட்டத்துல தண்ணி இல்லாமலே நீச்சல் கத்துத் தராங்க போல என்றான் ஒருத்தன்.

சத்தத்தால்தான் பிடிக்க முடியவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இங்கே சத்தம் இல்லை. மூச்சு நன்றாகக் கேட்கிறது. இருந்தும் தப்புகிறது. அப்படியானால் தீர்ப்பு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது ரெய்டு வந்தபோது பழமலை தன்னை மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன். ரெய்டர் எங்கள் ஓரத்துக்கு வரவும், துண்டிலிருந்து கையை எடுத்து என் கையைப் பிடித்தான். அடுத்த நொடி என் கையில் கணுக்கால் இருந்தது. பழமலை அவன் இடுப்பில் விழுந்தான். ரெய்டர் அசையவில்லை. பழைய நாளில் பிடிக்கிற மாதிரியே இருந்தது.

பையன்கள் கைதட்டினார்கள். பழமலை எழுந்து மண்ணைத் தட்டாமல் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "இன்னொரு தபா நில்லு" என்றான்.

நின்றோம். ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டி அப்போதுதான் ஒரு எட்டு வைத்திருப்பான், எங்களுக்கு எட்டவே எட்டாத தூரம். பழமலை என் கையை ஒரு அமுக்கு அமுக்கினான். என் உடம்பு பாய்ந்துவிட்டது. எதிரில் ஆளே இல்லை. வெறும் தரையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். ரெய்டரே பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தான்.

"பாத்தியா?" என்றான் பழமலை. "இத்தினி வருசமா காது, காதுன்னு பேரு வாங்கிக்கிட்டுத் திரிஞ்சியே, அது என் கைடா."

அவன் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. நான் மூச்சைக் கேட்டது உண்மைதான். ஆனால் பாய்ந்தது மூச்சுக்கு இல்லை. அவனே ரெய்டு போகிறவன். ரெய்டருக்கு எந்த இடத்தில் உடம்பு திரும்பும், எந்த நொடியில் கால் கனக்கும் என்று அவன் உடம்புக்குத் தெரியும். அது தெரிந்ததும் கை தானாக இறுகும். அது இறுகியதும் நான் பாய்வேன். ஒரு தடவைகூட நாங்கள் இதைப் பேசி வைத்துக்கொண்டது கிடையாது. பழமலையும் உட்கார்ந்து யோசித்துவிட்டு, "நான் அமுக்கறேன்னு எனக்கே தெரியாதுடா" என்றான்.

தம்பிகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான். திறமை என்று நாம் நெஞ்சைத் தட்டிக்கொள்வதில் எவ்வளவு நம் உடம்பில் இருக்கிறது, எவ்வளவு பக்கத்தில் நிற்கிறவன் கையில் இருக்கிறது என்று அணி மாறும் வரைக்கும் தெரியாது. மாறிய பிறகு ஆட்டம் வரவில்லை என்றால் மேட்டையும் ஷூவையும் குறை சொல்லாதீர்கள். முதலில் பழைய இடத்தில் யார் பக்கத்தில் நின்றீர்கள் என்று யோசியுங்கள்.

அன்றைக்கு இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் சூளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அவன்தான் கேட்டான்.

"அங்க ஒன் பக்கத்துல யாரு நிக்கிறா?"

"சுரேந்தர்னு ஒருத்தன். அரியானா."

"அவங்கிட்ட சொல்லு."

"எனக்கு இந்தி தெரியாதேடா."

"கைக்கு என்னாடா இந்தி?"

என்னைத் திரும்பி வர வைக்கச் சாமியிடம் எழுதிக் கொடுத்தவன், திரும்பி வராமல் இருக்க வழியும் சொல்லிக் கொடுத்துவிட்டான். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அப்படியே பிராதையும் எடுத்துவிடேன் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அது வேற, இது வேற என்று எழுந்து போய்விட்டான்.

திரும்பிப் போகிற பஸ்ஸில் ரொம்ப நேரம் வேண்டிக்கொண்டேன். எனக்கு வேலை வேண்டும் என்று கேட்க முடியவில்லை. எதிர்த்தரப்பும் அவர் பிள்ளைதானே. அப்பா, தீர்ப்பை நீ யார் பக்கம் வேண்டுமானாலும் சொல்லு, அதுவரைக்கும் என் புத்தியைக் கலைக்காதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அதற்கப்புறம்தான் தூக்கம் வந்தது.

சுரேந்தருக்குச் சொல்லிக் கொடுத்தது பெரிய கூத்து. அவனும் ரெய்டு போகிறவன், அந்த மட்டில் எனக்கு அதிர்ஷ்டம். சாப்பிடும்போது, நடக்கும்போது, டி.வி. பார்க்கும்போது அவன் கையைப் பிடித்து அமுக்கிக் காட்டுவேன். முதலில் அவன் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்திருப்பான். பிறகு புரிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் அமுக்க ஆரம்பித்தான். ரெய்டர் வந்தால் ஒரு அமுக்கு, போனால் ஒரு அமுக்கு, விசில் ஊதினால் ஒரு அமுக்கு. நான் நாள் முழுக்கத் தவளை மாதிரி பாய்ந்துகொண்டிருந்தேன். யோசிக்காமல் விடு, ரெய்டரை மட்டும் பார், உன் உடம்புக்குத் தோன்றும்போது மட்டும் இறுக்கு என்பதை இந்தி இல்லாமல் எப்படிச் சொல்லுவது? ஒரு நாள் அவன் முகத்தைப் பிடித்து ரெய்டர் பக்கம் திருப்பி, கையை ஆட்டி மறந்துவிடு என்று சைகை காட்டினேன். சிரித்தான். அன்றைக்கு அவன் கை முதல் தடவையாகச் சரியான நொடியில் இறுகியது.

கடைசி வாய்ப்பு என்று கோச் சொன்ன டோர்னமென்டில் அரையிறுதி. அதில் தோற்றால் வீட்டுக்கு. ஆட்டம் முடியப் போகிறது, நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். எதிர் அணியின் பெரிய ரெய்டர் வருகிறான். நேராக என் ஓரத்துக்கு வந்தான். காலை நீட்டினான், இழுத்தான், மறுபடியும் நீட்டினான். என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் அவன் ஷூ ஆடிக்கொண்டிருந்தது. வெளியே எங்கள் ஆட்களே பிடி, பிடி என்று கத்தினார்கள். கோச் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. எனக்குத் தோள் துடித்தது. என் கண் போ என்றது. சுரேந்தரின் கை மட்டும் சும்மா இருந்தது.

நான் போகவில்லை. அந்தக் காலை அவன் பிடிக்கக் கொடுக்கத்தான் நீட்டினான் என்று பிறகுதான் தெரிந்தது. நான் விழுந்திருந்தால் என் முதுகைத் தொட்டுவிட்டுப் போயிருப்பான். நான் அசையாததைப் பார்த்து அவனுக்குப் பொறுமை போனது. உடம்பை முழுசாகத் திருப்பி உள்ளே ஒரு எட்டு வைத்தான். கை இறுகியது. கணுக்காலைப் பிடித்தது தெரியும். மேலே சுரேந்தர் விழுந்த கனம் தெரியும். விசில் ஊதியது காதில் விழவே இல்லை.

சீசன் முடிந்ததும் வேலை உத்தரவு வந்தது. அன்றைக்குக் கிரவுண்டு பக்கத்து டீக்கடைக்குப் போன் போட்டுப் பழமலையைக் கூப்பிடச் சொன்னேன். கேட்டுவிட்டு, சந்தோஷம் என்றான். பிறகு, "பிராது அப்படியேதான் இருக்குது. ஞாபகம் வச்சிக்க" என்று போனை வைத்தான்.

அதற்கப்புறம் நான் ஆடியது, கொஞ்சக் காலம் டி.வி.யில் காட்டுகிற லீக்கில் நின்றது, பிறகு பையன்களுக்குப் பிடி சொல்லிக் கொடுத்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் ஊருக்கு வருவேன். பழமலை வீட்டில்தான் காலைச் சாப்பாடு. பிராதைப் பற்றி நான் வாய் திறந்தால், கேஸ் நடக்குது, கோர்ட்டு விஷயத்த வெளியில பேசக் கூடாது என்பான். தனமும் பயத்தை விட்டுவிட்டாள். உங்க வாய்தா எப்ப என்று அவளே கேலி பேச ஆரம்பித்தாள். என் மேல் ஒரு வழக்கு கிடக்கிறது என்ற நினைப்போடுதான் இத்தனை வருடமும் மேட் மேல் நின்றேன். பாரமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஊரில் ஒருத்தன் என்னை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு அது ஒரு அத்தாட்சி மாதிரி இருந்தது.

முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டதால் இந்த வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு விருத்தாசலத்துக்கே வந்துவிட்டேன். சாமான் இறக்கிய மறுநாள் காலை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பழமலை குளித்து விபூதி பூசி, வேட்டி கட்டி வந்திருந்தான். உள்ளே வரவில்லை. ஏறு, கோயிலுக்குப் போவணும் என்றான்.

சன்னதியில் குருக்களிடம் பிராது வாபஸ் என்று சொன்னான். அவர் சின்ன வயதுக்காரர். எப்போது கட்டியது என்று கேட்டார். இவன் வருடத்தைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அப்போது நான் பள்ளிக்கூடமே போகவில்லை என்றார். கேட்டது நடந்துவிட்டதா என்று வழக்கம்போல விசாரித்தார்.

"ஆச்சு சாமி. கொஞ்சம் லேட்டு" என்றான் பழமலை.

கற்பூரம் காட்டினார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்கத்தில் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடு. லெஃப்ட் கார்னர்ல நிக்கணும்" என்றான்.

"முட்டி ரெண்டும் போயிடுச்சுடா" என்றேன்.

அவன் வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னான்.

"முட்டியப் பத்திப் பிராதுல ஒண்ணும் எழுதல."